நாலு விரற்கடை தூரம்!

ஒரு விநாடியை நூறு துண்டாக வெட்டுங்கள். அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு என்ன செய்யமுடியும்? கண்ணைச் சிமிட்டக்கூட முடியாது. ஆபீஸுக்குத் தினமும் பத்து நிமிஷம் லேட்டாகப் போய்க் கையெழுத்துப் போடும் ஆசாமிகளுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா, ஸார்? ஆனால், பி.டி.உஷாவின் கழுத்துக்கு வரவேண்டிய ஒலிம்பிக் மெடலை அந்த ஒற்றைத் துண்டுதான் தட்டிக்கொண்டு போனது!

1984, ஆகஸ்ட் 8. லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த வருஷம்தான். மொத்தம் 10 தடைகள். ஒவ்வொன்றும் 76 சென்டிமீட்டர் உயரம். ஏறக்குறைய நம் ஆபீஸ் மேஜை! முதல் தடை 45-வது மீட்டரில். அப்புறம் 35 மீட்டருக்கு ஒன்று. கடைசித் தடை தாண்டியதும் 40 மீட்டர் தலைதெறிக்க ஓட்டம். வேகம் மட்டும் போதாது. தடைக்குத் தடை எத்தனை எட்டு என்று கணக்கு வேண்டும். அரை எட்டு பிசகினால் தடை முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

அரையிறுதியில் உஷாதான் முதல். ஃபைனலில் துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஒருவர் கிளம்பிவிட, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். மொராக்கோவின் நவால் எல் முத்தவகில் 54.61 விநாடியில் தங்கம். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20-ல் வெள்ளி. மூன்றாவது..? உஷாவும் ருமேனியாவின் கொஜொகாருவும் ஒட்டிக்கொண்டாற்போல் கோட்டைத் தொட்டார்கள். முடிவு: கொஜொகாரு 55.41. உஷா 55.42!

அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால், வித்தியாசம் சுமார் 7 சென்டிமீட்டர். நாலு விரற்கடை! கோட்டில் காலோ தலையோ கணக்கில்லை, நெஞ்சுதான் கணக்கு. நெஞ்சை முன்னால் தள்ளிச் சாயத் தவறியதை உஷாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அங்கே கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதையும்தான்.

எனக்குக் காரைக்கால் பக்கம் திருவேட்டக்குடி. புதுச்சேரி சர்க்கார் உத்தியோகம் என்றால் தெரியுமே... காரைக்கால்காரனைத் தூக்கி மாஹேயில் போடுவார்கள். எனக்கும் ஆர்டர் வந்தது. "மாஹேயா? அது எந்த மூலைடா?" என்றாள் அம்மா. போன பிறகுதான் தெரிந்தது, தெற்கே வடகரையைத் தாண்டினால் உஷாவின் பய்யோலி! ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். கோச் நம்பியார் அந்தப் பெண்ணை ஓடவிட்ட கடற்கரை அது. எங்க ஊர்க் கடல் மணலில் நூறடி ஓடினாலே கெண்டைக்கால் கெஞ்சும். அங்கே நின்றபோது, அந்த 55.42 சும்மா வரவில்லை என்பது உறைத்தது.

உஷா மூலையில் உட்காரவில்லை. மறு வருஷமே, 1985-ல், ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5 தங்கம், 1 வெண்கலம். 1986 சியோல் ஆசியப் போட்டியில் 4 தங்கம், 1 வெள்ளி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் குதிகால் வலி, முதல் சுற்றோடு சரி. கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் திரும்பி வந்து, 1998-ல் ஃபுகுவோகாவில் 34 வயதில் மெடல் வாங்கினார். (34-ல் நமக்கு மாடிப்படி ஏறினாலே இளைக்கிறது!) 2000-ல் ஓய்வு. 2002-ல் சொந்தமாகத் தடகளப் பள்ளி. 2022-ல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் பெண் தலைவர்.

அந்த 55.42 என்ன ஆச்சு? 39 வருஷம் எந்த இந்தியப் பெண்ணும் அதை எட்டவில்லை. 2023, அக்டோபர் 2. ஹாங்சோ ஆசியப் போட்டி. நம்ம கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் முதல் சுற்றில் ஓடி முடித்ததும் போர்டில் விழுந்த நேரம்... 55.42! இம்மி பிசகவில்லை. மறுநாள் ஃபைனலில் 55.68. வெண்கலம்!

கவனித்தீர்களா? 55.42 ஓடிய உஷாவுக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மெடல் இல்லை. 55.68 ஓடிய வித்யாவுக்கு ஹாங்சோவில் உண்டு. மெடல் கிடைப்பது அன்றைக்குப் பக்கத்து லேனில் யார் ஓடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஓடிய நேரம் மட்டும்தான் நம்முடையது. பிரமோஷன் லிஸ்டில் ஒரே ஒரு இடத்தில் கோட்டைவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் நண்பர் யாராவது பக்கத்து ஸீட்டில் இருந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து இதைச் சொல்லுங்கள்!