யாரிடம் கேட்பது அந்தக் கடிதத்தை?

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வாசலில் அமர்ந்து ஒரு பிள்ளை தன் விண்ணப்பப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். எல்லாம் நிரப்பியிருந்தாள். "உங்களைப் பற்றி விசாரிக்கக்கூடிய, உறவினரல்லாத இருவர்" என்ற கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"எனக்கு யாரக்கா இருக்காங்க?" என்றாள்.

அவளுடைய தாத்தா 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனவர். 2009இல் தகப்பனை இழந்து, பத்திரங்களையும் இழந்து, தாயும் மகளும் உறவுகளைத் தேடி மீண்டும் மலைக்கே வந்தார்கள். தாய் கொழுந்து பறித்துப் படிப்பித்தார். கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஒரு வருடத் தாதிப் பயிற்சி, பின் அங்கேயே ஐந்து மாத வேலை. தாய் நோயில் விழ, வேலையை விட்டுவிட்டு வந்தாள்.

முன்பு ஒரு நேர்முகத் தேர்வுக்குத் தொழிற்சங்கத் தலைவரிடமும் டவுன் முதலாளியிடமும் கடிதம் வாங்கிப் போயிருக்கிறாள். "இவர்களில் யார் நீங்கள் ஊசி போடுவதைப் பார்த்தவர்?" என்று அங்கே மேட்ரன் கேட்டாராம். இவளால் பதில் சொல்ல முடியவில்லை.

சகோதரிகளே, நம்மில் பலர் செய்யும் தவறு இது. கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ் நாம் யார், எங்கே வசிக்கிறோம் என்று சொல்லும். பயிற்சிச் சான்றிதழ் நாம் படித்ததைச் சொல்லும். நோயாளியின் பக்கத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை, கூட நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும். அவர் பெரிய மனிதராக இருக்க வேண்டியதில்லை.

"வார்ட் சிஸ்டரைக் கேட்டாயா?" என்றேன். தலை குனிந்தாள். ஒரு நாள் மருந்து கொடுத்த நேரத்தை அட்டையில் பிழையாக எழுதி, அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அந்தப் பயம்.

இருவருமாகக் கண்டிக்கு பஸ் ஏறினோம். வேலை செய்த திகதிகள், வார்ட், செய்த பணிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொன்னேன். "என்னைப் பற்றி நல்லபடியாக எழுத உங்களால் முடியுமா, மிஸ்?" என்று அவளே கேட்டாள். சிஸ்டர் ஒரு பக்கம் எழுதினார். அதில் ஒரு வரி: பிழையைத் தானே கண்டு, மறைக்காமல் உடனே வந்து சொன்னவர். எந்த ஏச்சுக்குப் பயந்து போகாமல் இருந்தாளோ, அதுவே அவளுக்குச் சாட்சியாயிற்று. இரண்டாவது பெயராகப் பயிற்சி ஆசிரியையைப் போட்டாள்.

வார்ட்டில் வேலை செய்யாதவர்கள் என்ன செய்வது? பயிற்சி தந்த ஆசிரியை இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்திலோ, மருத்துவ முகாமிலோ, செஞ்சிலுவைச் சங்கத்திலோ தொண்டு செய்தால், அங்குள்ள பொறுப்பாளர் இருக்கிறார். முகாம்களிலும் வீடுகளிலும் நோயாளரைப் பராமரித்துப் பழகி, கையில் சான்றிதழ் எதுவும் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தேசிய தொழிற்தகைமை முறையில், ஏற்கனவே உள்ள திறமையைப் பரீட்சித்துச் சான்றிதழ் தருகிறார்கள். அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில், பராமரிப்புத் தொழிலுக்கு அப்படி வசதி உண்டா என்று விசாரியுங்கள்.

இன்னும் சில சொல்ல வேண்டும். கேட்காமல் யாருடைய பெயரையும் போடாதீர்கள். திடீரென்று தொலைபேசி வந்தால் அவர் தடுமாறுவார். கடிதத்தில் அவருடைய பதவியும் தொலைபேசி இலக்கமும் இருக்கட்டும். மூலப் பிரதியைக் கொடுத்துவிடாமல் போட்டோ பிரதியைக் கொடுங்கள். எல்லாவற்றையும் விட, ஓர் இடத்தை விட்டு விலகும் நாளிலேயே கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். சிஸ்டர் மாறிப் போகலாம், வைத்தியசாலையே மூடப்படலாம். பத்திரங்களை ஒரு முறை இழந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை இப்போது நுவரெலியாவில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் வேலை செய்கிறாள். போன வாரம் தொலைபேசியில் பேசினாள். "அக்கா, இங்க சிஸ்டர் ரொம்பக் கண்டிப்பு" என்றாள்.

"நல்லது. அடுத்த கடிதம் எழுதப் போகிறவர் அவர்தான்" என்றேன்.