நடைக்கு இசைந்த தாளம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகள் பலரின் கையில் உடற்பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். முதல் வாரம் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டாம் மாதத்தில் மருந்துச் சீட்டுகளுக்கிடையே மறைந்துவிடும். பயிற்சியில் பிழை இருப்பதால் இவ்வாறு நேர்வது அரிது. அதைச் செய்ய வேண்டியவரின் வீடு எத்தகையது, அவருக்குக் களைப்பு எப்போது வரும், எது பிடிக்கும் என்று எவரும் கேட்டறியாமல் வகுத்ததே பெரும்பாலும் காரணம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயில் இக்குறையால் நேரும் இழப்பு பெரிது.

தமிழில் தண்டுவட மரப்பு நோய் எனப்படும் இதனை மருத்துவர்கள் சுருக்கமாக எம்.எஸ். என்பர். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வுறையைத் தாக்குவதால் செய்திகள் தடைப்படுகின்றன. பார்வை மங்குதல், கால் மரத்தல், தள்ளாட்டம், சொல்லொணாக் களைப்பு என அறிகுறிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ 1868இல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகத் தாக்கும். குடும்பத்தைத் தாங்கும் வயதில் வருவதே இதன் கொடுமை. இவர்களுள் பலர் தோற்றத்தில் நலமாகவே தெரிவர். வரிசையில் பத்து நிமிடம் நின்றபின் நாற்காலி தேடினால் பிறர் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடுவதும் உண்டு.

ஒரு காலத்தில் எம்.எஸ். நோயாளிகளை ஓய்வெடுக்கச் சொல்வதே வழக்கமாக இருந்தது. உடற்பயிற்சிக்குப் பின் சிலருக்குப் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890இல் பதிவு செய்திருந்தார். உடல் வெப்பம் உயரும்போது சேதமுற்ற நரம்புகள் செய்தியைக் கடத்தத் தடுமாறுவதே அதன் காரணம். உடல் குளிர்ந்ததும் நிலை சீராகிவிடும். ஆயினும் அச்சம் நீங்க நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவின் யூட்டாவில் 15 வாரப் பயிற்சி அளித்து நடத்தி, 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உடல் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்படுவதைக் காட்டியது. லேசான அல்லது மிதமான குறைபாடு உள்ளோர் வாரத்தில் இரு நாள் 30 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரு முறை தசை வலுப் பயிற்சியும் மேற்கொள்ளலாம் என்று 2013இல் வெளியான கனடாவின் வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

பயிற்சி மையத்துக்குச் சென்று திரும்புவதிலேயே அன்றைய வலிமை தீர்ந்துவிடுவோருக்கு வீட்டுப் பயிற்சியே ஏற்றது. அங்கேதான் இசை துணைக்கு வருகிறது. செவியில் விழும் தாளம் மூளையில் இயக்கத்தை ஆளும் பகுதிகளையும் தூண்டுகிறது. அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்னறிவதால் காலும் அதற்கேற்ப ஆயத்தமாகிறது. அமெரிக்காவின் மைக்கேல் தாவுட் 1990களில் இதனை நடைப் பயிற்சி முறையாக வளர்த்தெடுத்தார். கிளீவ்லண்டில் நடந்து 2010இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், எம்.எஸ். நோயாளிகள் தம் இயல்பான நடையைவிட 10 விழுக்காடு விரைவான பாடல்களைக் கேட்டவாறு வீட்டில் நாள்தோறும் 20 நிமிடம் நடந்தனர். நடையின் சில அளவுகளில் முன்னேற்றம் தென்பட்டது. பங்கேற்றவர்கள் பத்துப் பேரே என்பதால் இதைப் பெரிய சான்றாகக் கொள்வதற்கில்லை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட், கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பல்வேறு வேகங்களில் இசையையும் வெறும் மெட்ரோனோம் ஒலியையும் ஒலிக்கச் செய்து நோயாளிகளின் நடையை ஆராய்ந்துள்ளனர்.

எந்தப் பாடல், எவ்வளவு நேரம், நாளின் எப்பொழுது என்னும் வினாக்களுக்கு ஆய்வகம் முழு விடை தராது. இங்கிலாந்தில் 2004இல் தோன்றிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு, எதை ஆராய வேண்டும் என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்யும் முறையை வகுத்தது. எம்.எஸ். நோய்க்கான முதன்மை வினாக்களின் பட்டியல் 2013இல் இவ்வாறே உருவாயிற்று. பயிற்சித் திட்டத்தை வகுப்பதற்கும் இதே நெறி பொருந்தும்.

நோயாளிகளைக் கலந்துகொண்டால் என்ன மாறும்? பாடலையே எடுத்துக்கொள்வோம். நடக்கும்போது பேசினாலோ வேறொன்றில் கருத்தைச் செலுத்தினாலோ எம்.எஸ். நோயாளிகள் பலருக்கு நடை தளரும். எனவே ஒருவருக்கு ஊக்கம் தரும் பாடல் வரிகள் மற்றொருவருக்கு இடையூறாகலாம். அவர் வாத்திய இசையைக் கேட்பார். நம் இசை மரபில் வேறொரு சிக்கலும் உண்டு. ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் தாளக்கட்டு இல்லை. கும்மியும் நாமாவளியும் மெல்லத் தொடங்கி விரைந்துகொண்டே செல்லும். கேட்பதற்கு இனிமை, தள்ளாடும் காலுக்கு ஆபத்து. திரைப்பாடல்கள் சிலவற்றில் இடையிசை வரும்போது வேகம் மாறிவிடும். காலப்பிரமாணம் முதலிலிருந்து இறுதிவரை நிலையாக நிற்கும் பாடல்களே நடைக்கு உதவும். வேண்டிய வேகத்துக்குப் பாடலைச் சுருதி மாறாமல் அமைத்துத் தரும் செயலிகள் கைப்பேசியில் உள்ளன. நடைவேகத்தை அளப்பதும் எளிது: 30 நொடியில் வைக்கும் அடிகளை எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். 90 வந்தால், அதில் 10 விழுக்காடு கூட்டினால் நிமிடத்துக்கு 99 தட்டுகள். அந்த உயர்வைத் தாங்க இயலுமா என்பதை நடப்பவரே சொல்ல வேண்டும்.

நேரமும் அவ்வாறே. மாலையில் சோர்வு மிகும் ஒருவருக்கு மாலைப் பயிற்சியை விதித்தால் அது நடவாது. நம் கோடையில் காலை ஆறு மணிக்கு மேல் மொட்டை மாடியில் நடப்பதும் பலருக்கு ஒவ்வாது. மின்விசிறியின் கீழ் ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துச் செய்வதே உகந்தது. குறுகிய கூடம், வழுவழுப்பான தரை, காதில் ஒலிபெருக்கி இருந்தால் கேளாமற்போகும் அழைப்பு மணி ஆகியவை வீட்டில் வாழ்பவருக்கே தெரியும். நடக்க இயலாதோர் அமர்ந்தபடியே தாளத்துக்குக் கைகளை அசைக்கும் பயிற்சியைக் கேட்பர். நன்றாக நடப்போரை மட்டும் அழைத்துப் பேசினால் இத்தேவை வெளிப்படாது. திட்டம் முடிந்தபின் ஒப்புதலுக்காக ஒரு நோயாளியை மேடையில் அமர்த்துவது வெறும் சடங்கு. தொடக்கத்திலேயே அழைத்து, கூட்டத்தைச் சுருக்கமாக வைத்து, இடையில் ஓய்வளித்து, வர இயலாதோரிடம் தொலைபேசியில் கேட்பதே முறை.

நாள்தோறும் குறிக்கும் ஏட்டில் ‘செய்தேன்’, ‘செய்யவில்லை’ என்னும் இரு கட்டங்களுடன் ‘இன்று உடல் இடம் தரவில்லை’ என்னும் மூன்றாம் கட்டமும் இருப்பது நலம். விட்டுப்போன நாளைக் குற்றமாகக் கருதுவோர் மறுநாள் ஏட்டைத் திறப்பதையே தவிர்க்கக்கூடும். அக்கட்டம் பல நாள் தொடர்ந்தாலோ, புதிய அறிகுறி தோன்றி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பயிற்சியை நிறுத்தி நரம்பியல் மருத்துவரைக் காண வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 எம்.எஸ். நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டு வாசலிலேயே அடிப்படைச் சேவைகள் வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது, கிளையில் கேட்டறியலாம். 1985 முதல் இயங்கும் இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்கு மும்பை, தில்லி, சென்னை முதலிய நகரங்களில் கிளைகள் உள்ளன. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர் அங்கே சென்றால், பல ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்பவர்கள் எந்த வேகத்தில், எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.