மாவுக்கட்டு பிரித்த கைக்கு ஒரு முழ நூல்

1935-இல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்களுக்கு டாக்டர் பிரிட்டோரியஸை மறக்க முடியாது. ஒடுங்கிய முகம், நீண்ட மூக்கு, பார்வையிலேயே ஒரு விஷமம். அந்த வேடத்தில் நடித்தவர் எர்னெஸ்ட் தெசிஜர் என்ற ஆங்கிலேயர். 1916 முதல் 1921 வரை இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த செம்ஸ்ஃபோர்டு பிரபு இவருக்குப் பெரியப்பா மகன். ஆனாலும் முதல் உலகப் போரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். கைகளில் காயத்தோடு திரும்பினார். நடிப்பைத் தவிர அவருக்குக் கைவந்த இன்னொரு கலை எம்பிராய்டரி. படப்பிடிப்பு இடைவேளைகளிலும் ஊசியும் துணியுமாகவே உட்கார்ந்திருப்பாராம்.

போரில் ஊனமுற்று வீட்டில் முடங்கிய வீரர்களுக்கு எம்பிராய்டரி வேலை கொடுக்கலாம் என்று அவர் யோசனை சொன்னபோது அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். அது பெண்களின் வேலையாம். மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நம் ஊர் டெய்லர்களையும், ஜரிகை வேலைக்காரர்களையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தயக்கமே விநோதமாக இருக்கும். கடைசியில் 1918-இல் 'ஊனமுற்ற வீரர்கள் எம்பிராய்டரித் தொழில்' என்ற அமைப்பு தொடங்கியது. படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்குக்கூட நூலும் துணியும் மாதிரி வடிவமும் வீடு தேடிப் போயின. தைத்து அனுப்பியதை விற்றுக் காசு கொடுத்தார்கள். ராணி மேரி அதன் ஆதரவாளர்களில் ஒருவர்.

அதே காலத்தில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்கு ஒரு பெரிய அலங்காரத் துணி தயாரானது. பலிபீடத்தின் முன்னால் தொங்கவிடும் துணி அது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 130-க்கும் மேற்பட்ட காயமுற்ற வீரர்கள், வெவ்வேறு மருத்துவமனைகளில் இருந்தபடி, ஆளுக்கொரு துண்டாகத் தைத்தார்கள். ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் அவற்றை இணைத்துக் கொடுத்தது. 1919 ஜூலையில் நடந்த போர் முடிவு நன்றி வழிபாட்டில் அந்தத் துணி பயன்பட்டது. 1940-இல் தேவாலயத்தில் குண்டு விழுந்து பலிபீடம் நொறுங்கியது, துணி தப்பிவிட்டது.

ஜான் கிராஸ்க் என்ற நார்ஃபோக் மீனவரின் கதை இவர்களுடையதிலிருந்து வேறுபட்டது. அவர் போர்க்களத்தையே பார்க்கவில்லை. 1917-இல் ராணுவத்தில் சேர்ந்தவுடன் நோயில் விழுந்தவர், அதன்பின் முழுதாக எழவில்லை. கொஞ்ச காலம் கடலையும் படகுகளையும் ஓவியமாகத் தீட்டினார். உட்காரவே முடியாமல் போனபோது, படுத்தபடி செய்யக்கூடியதாக மனைவி லாரா அவருக்கு ஊசி வேலையைக் கற்றுக்கொடுத்தார். டன்கிர்க் கடற்கரையிலிருந்து 1940-இல் படைகள் மீட்கப்பட்டதை வானொலியில் கேட்டுக்கேட்டு, பல அடி நீளத் துணியில் தைக்கத் தொடங்கினார். 1943-இல் அவர் இறந்தபோது அதன் வானத்தில் ஒரு பகுதி தைக்கப்படாமலே கிடந்தது. இன்று அது நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் கணக்கில் இது பொழுதுபோக்கு அல்ல. முதல் தரக் கலை.

இந்த மனிதர்களுக்கு ஊசி எதைக் கொடுத்தது? மனநிம்மதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். உடம்புக்குள் நடப்பதைப் பார்த்தால் விஷயம் அதைவிட நுணுக்கமானது.

மணிக்கட்டு எலும்பு முறிந்தவரை எடுத்துக்கொள்வோம். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. பிறகு குருத்தெலும்பு போன்ற மெத்தென்ற ஒரு பாலம், அப்புறம் அது இறுகி எலும்பாகிறது. இதற்காகத்தான் ஏறக்குறைய ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் எலும்பு தன்னைச் செதுக்கிக்கொண்டே இருக்கும். எந்தத் திசையில் பாரம் விழுகிறதோ அதற்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். ஆக, எலும்பு சேர்ந்துவிடும். தலைவலி மற்றவற்றால்தான். ஆறு வாரம் அசையாத தசை இளைத்துப் போகிறது. மூட்டு இறுகுகிறது. வீக்கம் வடியாமல் நிற்கிறது.

விரல்களின் அமைப்பு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஒரு கையில் 27 எலும்புகள். விரலை மடக்கி நீட்டும் வலுவான தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முழங்கைக்குக் கீழே இருந்துகொண்டு, தசைநாண் என்ற நீண்ட கயிறுகளால் விரலை இழுக்கின்றன. அந்தக் கயிறுகள் உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். காயம்பட்ட தசைநாண் நாட்கணக்கில் அசையாமல் கிடந்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும். எலும்பு கூடிய பின்னும் விரல் மடங்காமல் தவிப்பவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

இதற்கு மருந்து, குறைந்த பாரத்தில் நிறைய தடவை அசைப்பது. ஊசி வேலையின் அசைவுகளைப் பிரித்துப் பாருங்கள். கட்டை விரலும் சுட்டு விரலும் சேர்ந்து ஊசியைக் கிள்ளிப் பிடிக்கின்றன. மணிக்கட்டு வளைந்து ஊசியைச் செலுத்துகிறது. அடுத்த பக்கம் வந்த ஊசியைப் பிடிக்க உள்ளங்கை திரும்புகிறது. நூலை இழுக்கும்போது முழங்கை விரிகிறது, தோள் சற்றே திறக்கிறது. மறு கை ஃப்ரேமைப் பிடித்தபடி நிலையாக நிற்கப் பழகுகிறது. ஒரு சிறு பூவை முடிப்பதற்குள் இத்தனையும் நூறு தடவைக்கு மேல் நடந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் "காலை பத்து, மாலை பத்து" என்று சொல்லி அனுப்பும் பயிற்சியை வீட்டில் எத்தனை பேர் எண்ணிச் செய்கிறோம் என்பது நமக்கே தெரியும்.

நோக்கமுள்ள வேலையில் உடம்பு கூடுதலாக அசையும் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லவாசிகளிடம் வெறுமனே காலை உதறச் சொன்னார்கள். இன்னொரு முறை பலூனை உதைக்கச் சொன்னார்கள். பலூன் இருந்தபோது அவர்கள் காலை அசைத்த எண்ணிக்கை அதிகம். ஆக்குபேஷனல் தெரபி என்ற துறையின் அடிப்படையே இந்த எண்ணம்தான். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் அந்தத் துறைக்கான சங்கத்தைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் மருத்துவர் அல்ல, கட்டடக் கலைஞர். காசநோய், காலில் அறுவை, ஒரு பக்கச் செயலிழப்பு என்று வரிசையாக அடிபட்டு, கைவேலைகள் செய்தே தேறியவர். நெசவுத் தறி அந்தத் துறையின் ஆரம்பகாலக் கருவிகளில் ஒன்று. மிதியை இறுக்கினால் காலுக்குப் பயிற்சி, பலகையை உயர்த்தினால் தோளுக்கு. இந்தியாவில் இதற்கான முதல் பள்ளியைக் கமலா நிம்ப்கர் 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார்.

நரம்பு வெட்டுப்பட்டவர்களிடம்தான் துணியின் உண்மையான பெருமை தெரிகிறது. வெட்டுண்ட நரம்பைத் தைத்த பின் அது நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வேகத்தில் வளர்கிறது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். வந்து சேர்ந்தாலும் நரம்பிழைகள் பழைய இடத்தில்தான் இறங்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மூளைக்கும் குழப்பம். விரல்களுக்கு மூளையின் மேற்பரப்பில் தாராளமான இடம் உண்டென்பதை வைல்டர் பென்ஃபீல்டு 1930-களில் மாண்ட்ரியலில் வரைந்து காட்டினார். அந்த வரைபடம் நிரந்தரமானதல்ல என்று 1980-களில் மைக்கேல் மெர்செனிக் குரங்குகளிடம் கண்டார்: ஒரு நரம்பு வெட்டுப்பட்டு அதன் பகுதிக்குச் செய்தி வராமல் போனால், அடுத்த விரல்களுக்குரிய பகுதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வயல் தரிசாகக் கிடந்தால் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை நகர்த்துவாரே, அப்படி.

அதனால் திரும்பி வந்த உணர்வுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்த்தபடி ஒரு துணியைத் தொட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையே தொட்டு இன்னதென்று சொல்ல வேண்டும். பருத்தி, பட்டு, வெல்வெட், டர்க்கி டவல், கம்பளி நூல் என்று மாற்றி மாற்றி. தழும்பு தொட்டாலே சுள்ளென்று எரிபவர்களுக்கும் இதே வழிதான்: மிருதுவானதில் தொடங்கி நாளடைவில் சணல் சாக்கு வரைக்கும் பழக்குவார்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், டெய்லர் கடையில் கழித்துப் போடும் வெட்டுத்துணி போதும்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயத்திலிருந்து புறப்படும் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாயில் இருக்கிறது என்று ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் முன்வைத்தார்கள். விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் மையக் கருத்து நிலைத்துவிட்டது. கவனம் எங்கே இருக்கிறது என்பது வலியின் அளவை மாற்றும். கட்டம் எண்ணிக் குறுக்குத் தையல் போடுகிறவருக்கு மனத்தின் கணிசமான பங்கு எண்ணிக்கையிலேயே செலவாகிறது. டி.வி. சீரியலால் இது முடிவதில்லை, அதைப் பார்த்துக்கொண்டே வலியையும் நினைக்கலாம்.

இங்கே ஒரு கடிவாளம் தேவை. 'தைத்தால் மன அழுத்தம் பறந்துவிடும்' என்று வரும் செய்திகளின் அடியில் என்ன ஆய்வு இருக்கிறது? 2013-இல் வந்த ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பில் 3,500-க்கும் மேற்பட்ட பின்னல்காரர்கள் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னார்கள். பின்னல் பிடித்தவர்களிடமே போய்ப் பின்னல் பிடிக்குமா என்று கேட்டது போல! பின்னல் பிடிக்காமல் விட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2016-இல் டிரெக்சல் பல்கலைக்கழகக் குழு, 45 நிமிடக் கலை வேலைக்குப் பின் நால்வரில் மூவருக்கு அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்ததாகச் சொன்னது. பங்கேற்றவர்கள் 39 பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. வேலையும் களிமண், படத்துண்டு ஒட்டுதல், பேனா ஓவியம்தான், தையல் அல்ல. பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊசி எலும்பை ஒட்டவைக்காது.

ஆபத்தும் உண்டு. அதை நன்றாக உணர்ந்தவர் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தார். சிகிச்சை முடிந்தவர்கள் பிழைக்கத் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள். நிமிர்ந்த விரல்கள் புதிய காயங்களோடு வருவதைத் துருவிப் பார்த்தபோது தெரிந்தது, கேடு நோயிலிருந்து அல்ல, உணர்ச்சியின்மையிலிருந்து வருகிறது என்று. வலிக்காததால் கருவியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நரம்புக் காயமோ நீண்டகாலச் சர்க்கரை நோயோ இருந்து விரல் மரத்துப் போயிருந்தால், கூர் ஊசி வேண்டாம். முனை மழுங்கிய கம்பளி ஊசி எடுத்து, விரலின் வேலையையும் கண்ணே பார்க்க வேண்டும்.

தசைநாண் தைக்கப்பட்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் முன் எதையும் கிள்ளிப் பிடிக்கக் கூடாது. வழக்கமாக, கனமான வேலைக்குப் பன்னிரண்டு வாரம் வரை தடை இருக்கும். மற்றவர்கள் பெரிய கண்ணுள்ள துணி, தடித்த ஊசி, உல்லன் நூல் என்று தொடங்கி, கை தேறத் தேற மெல்லிய நூலுக்கு இறங்கலாம். குரோஷே ஊசியின் பிடி உறுத்தினால் மேலே ஸ்பாஞ்சு சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கைதான் உதவுகிறது என்றால் ஃப்ரேமை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்கலாம். மறுநாள் காலையில் வீக்கமோ வலியோ கூடியிருந்தால் முந்தின நாள் அளவு அதிகம் என்று அர்த்தம்.

இரண்டு சக்கர வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து வீட்டில் கிடப்பவர்களுக்குக் கை நன்றாகவே இருக்கிறது. அவர்களுக்கு எதிரி அசையாமல் உட்கார்வது. காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. எம்பிராய்டரிக்காரர்கள் நூலை ஒரு முழத்துக்கு மேல், அதாவது சுமார் 45 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டுவதில்லை. நீளமானால் சிக்கும், நைந்துவிடும். அதையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு முழம் தீர்ந்து ஊசி கோர்க்கும் ஒவ்வொரு முறையும், தடையில்லாத கணுக்காலை மேலும் கீழும் இருபது தடவை அசையுங்கள். தோளையும் கழுத்தையும் ஒரு சுற்று.

கட்டுப் பிரித்த பிறகும் "கையை ஆட்டாதே, வெச்சுக்கோ" என்று தடுக்கும் பாசக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வண்டி எப்போது ஓட்டலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தெந்த அசைவு செய்யலாம், எதைத் தொடவே கூடாது, எவ்வளவு நேரம் என்பதை எழுதி வாங்குங்கள். கையில் ஊசியையும் துணியையும் கொண்டுபோய், இப்படித்தான் தைப்பேன் என்று செய்து காட்டிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.