ஔவையும் யாரஸ்லாவ்னாவும் ஒரே மேசையில்

ஒப்பிலக்கிய வகுப்பு வெளியிலிருந்து பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும். உள்ளே எட்டிப் பாருங்கள், அமர்க்களம்! மேசையில் ஒரு பக்கம் புறநானூறு, மறுபக்கம் 'இகோரின் படையெடுப்பு' என்கிற பழைய ருஷ்யக் காவியம். நடுவில் அகராதி, பென்சில், ஆறிப்போன டீ.

அரூர்க்காரர்களுக்கு இதில் தனிக் குஷி உண்டு. நம் பக்கமெல்லாம் பழைய தகடூர் நாடு, அதியமான் நெடுமான் அஞ்சியின் மண். அவன் போரில் விழுந்தபோது ஔவை பாடிய கையறுநிலைதான் புறநானூற்றின் 235ஆம் பாட்டு. அவன் மார்பில் பாய்ந்த வேல் அதோடு நிற்கவில்லையாம். பாணரின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைக்குள் புகுந்து, கடைசியில் புலவர் நாவில் போய் விழுந்ததாம். என்ன பாட்டு!

இப்போது ருஷ்யப் பக்கம் திரும்புங்கள். 1185இல் போலோவ்த்சியர்மேல் படையெடுத்துப் போன இளவரசன் இகோர் சிறைப்படுகிறான். அவன் மனைவி யாரஸ்லாவ்னா புதீவ்ல் கோட்டை மதிலில் நின்று காற்றோடு வாதாடுகிறாள், தினேப்பர் ஆற்றைக் கெஞ்சுகிறாள், சூரியனைக் கேள்வி கேட்கிறாள். அஞ்சி திரும்பவே இல்லை. இகோர் தப்பி வந்துவிடுகிறான். அப்படியானால் இவை இரண்டும் ஒரே வகைப் புலம்பலா? இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் போதும், ஒரு பருவம் முழுக்கச் சண்டை போடலாம்.

ஏடுகளின் கதை இன்னும் படபடப்பு. இகோர் காவியத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பழைய பிரதி. 1800இல் அச்சேறியது. 1812இல் மாஸ்கோ எரிந்தபோது அந்தப் பிரதியும் போயிற்று. பன்னிரண்டே வருடம்! நம் புறநானூற்றை உ.வே.சா. ஓலைகளிலிருந்து மீட்டு அச்சிட்டது 1894இல்.

ருஷ்ய மொழி பயமுறுத்துமா? எழுத்து 33தான். வேற்றுமை ஆறு, நாம் எட்டு படித்தவர்கள். 'நான் மாணவன்' என்று வினைச்சொல்லே இல்லாமல் நாம் முடிக்கிற மாதிரியே அவர்களும் முடிக்கிறார்கள். வினைச்சொற்கள் மட்டும் இரட்டை இரட்டையாக வந்து படுத்தும்.

முன்னால் போனவர்களும் இருக்கிறார்கள். ஈழத்துக் க. கைலாசபதி பர்மிங்காமில் ஆராய்ந்து, சங்க வீரப்பாடல்களைக் கிரேக்க வீரப்பாடல்களோடு வைத்துப் பார்த்த நூல் 1968இல் வந்தது. எதிர்த் திசையிலிருந்து வந்தவர் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்து, திணைகளை ஆராய்ந்து, 2020இல் மறைந்த அந்த மனிதரை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

எங்கே படிப்பது? ஒப்பிலக்கியத்துக்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூர், 1956 முதல். ருஷ்ய மொழிக்குத் தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே வளாகத்தில் வேண்டுமென்றால் ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். மொரப்பூரில் ரயிலேறும்போது பையில் புறநானூறு இருக்கட்டும். ருஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அரிச்சுவடியிலிருந்தே சொல்லித் தருவார்கள்!