எந்திரம் விடை சொல்லும்போது பயிற்சியாளர் எதற்கு?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் குடியிருப்போருக்குத் தெரு முனைகளில் தொங்கும் செஸ் வகுப்பு, கிரிக்கெட் கோச்சிங், பேட்மிண்டன் அகாடமி பலகைகள் பழகிப்போனவை. இப்போது அவற்றுக்குப் போட்டியாகக் கைபேசியில் வேறு விளம்பரங்கள் வருகின்றன. செயற்கை நுண்ணறிவே உங்கள் பிள்ளைக்குப் பயிற்சியாளர், எப்போது வேண்டுமானாலும் கற்கலாம், கட்டணமோ மிகக் குறைவு என்கின்றன அவை. பெற்றோர் சிலர் நம்மிடம் நேரடியாகவே கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், செயலியே சொல்லிக் கொடுக்கும்போது எதற்கு மாதா மாதம் கோச்சிங் ஃபீஸ் கட்டணும்?"

நியாயமான கேள்விதான். நடுத்தரக் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகளின் பயிற்சிக் கட்டணம் என்பது சின்னத் தொகை அல்ல. இதற்குப் பதில் தேட வெளிநாட்டு ஆய்வுகளைப் புரட்ட வேண்டிய அவசியமில்லை. எந்திரம் மனிதனை விடச் சிறந்த விடை சொல்லத் தொடங்கிவிட்டால் பயிற்சி என்னவாகும் என்பதை மற்ற பல விளையாட்டுகளுக்கும் முன்பாகச் சந்தித்தது செஸ். அதை நெருக்கமாக அனுபவித்த ஊர்களில் ஒன்று நமது சென்னை.

சதுரங்கம் ஆடுவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே பழைய கருத்து வேறுபாடு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹனஃபி மத்ஹபில் கடுமையான நிலைப்பாடு. சூதாட்டம் கலவாமல், தொழுகையைப் பாழாக்காமல் இருந்தால் மக்ரூஹ் என்ற அளவோடு நிறுத்துவது ஷாஃபி மத்ஹபில் அறியப்பட்ட கருத்து. அந்த விவாதம் இங்கு நமது பொருள் அல்ல. பயிற்சி எப்படி மாறியது என்பதைப் பார்க்கவே செஸ்ஸை எடுத்துக்கொள்கிறோம்.

1972-ல் ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் இருந்த சோவியத் கலாச்சார மையத்தில் மிகைல் தால் செஸ் கிளப் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக வந்து ஆடிய இடம் அது. அன்றைய பயிற்சியில் பெரிய தட்டுப்பாடு அறிவுக்குத்தான். உலகின் பெரிய ஆட்டங்கள் அச்சாகி, கப்பலேறி, கையில் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். ரஷ்ய மொழி நூல் ஒன்று யாரிடமாவது இருந்தால் அவர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். பயிற்சியாளரின் மதிப்பில் பெரும் பகுதி, நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும் என்பதில்தான் இருந்தது. கிளப்பில் அதிவேக ஆட்டங்கள் நடக்கும். ஜெயித்தவர் பலகையில் தொடர்வார், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போவார். ஆனந்தின் புகழ்பெற்ற வேகம் அந்த வரிசையில் வளர்ந்தது.

அந்தத் தட்டுப்பாடு படிப்படியாக நீங்கியது. 1987-ல் செஸ்பேஸ் என்ற மென்பொருள் வந்தது. நூலகமே ஒரு கணினிக்குள் அடங்கியது. 1997 மே மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை ஆறு ஆட்டப் போட்டியில் வென்றது. 2008-ல் வெளியான ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சினை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இவை எல்லாம் கணக்கிடும் எந்திரங்கள். ஒரு நொடியில் லட்சக்கணக்கான நிலைகளை அலசி, எது லாபம் என்று எண்ணாகச் சொல்பவை. 2017 டிசம்பரில் வந்த ஆல்ஃபாஜீரோ வேறு ரகம். அதற்கு ஆட்ட விதிகளை மட்டுமே கொடுத்தார்கள். மனிதர்கள் ஆடிய ஒரு ஆட்டம்கூடக் காட்டப்படவில்லை. தன்னோடு தானே ஆடி, சுமார் நான்கு மணி நேரத்தில் அது ஸ்டாக்ஃபிஷை மிஞ்சும் அளவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சிறப்புச் சில்லுகள் உழைத்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதன் விளைவு என்ன? மீர்சாகிப்பேட்டையில் சாதாரணக் கைபேசி வைத்திருக்கும் ஒரு சிறுவனின் பையில் இன்று உலக சாம்பியனை விட வலிமையான ஆட்டக்காரர் உட்கார்ந்திருக்கிறார். காசு இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே விடை கிடைக்கிறது. இதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு இது பெரும் வாசல்.

விடை எல்லோருக்கும் கிடைத்த பிறகு விடையால் மட்டும் யாரும் முந்த முடியாது. சென்னையின் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா தன்னிடம் பயின்ற குகேஷுக்குச் செய்தது இங்கேதான் கவனத்துக்கு வருகிறது. குகேஷ் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை பயிற்சியில் எஞ்சினை அவர் பக்கமே வரவிடவில்லை. உலகமே எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டு படித்த காலம் அது. குகேஷோ பலகையைப் பார்த்துத் தானே கணக்கிட்டார். தவறாகக் கணக்கிட்டார். ஏன் தவறியது என்று மறுபடி கணக்கிட்டார். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில், கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

இதில் உள்ள சூட்சுமம் எளிமையானது. எஞ்சின் ஒரு நிலையைப் பார்த்தவுடன் விடையைச் சொல்லிவிடும். பார்க்கும் பிள்ளைக்கு "ஆமாம், இதுதானே" என்று தோன்றும். புரிந்துவிட்டது என்ற உணர்வு வரும். ஆனால் அந்த விடையை அடையும் பாதையில் அவன் ஒரு அடிகூட நடந்திருக்க மாட்டான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கணக்கு போடும் பையனை எல்லா வாத்தியார்களுக்கும் தெரியும். போட்டி அரங்கில் கைபேசிக்கு அனுமதி கிடையாது; சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அங்கே அவனோடு வருவது அவன் தானே நடந்து பழகிய பாதை மட்டும்தான்.

குகேஷ் பின்னாளில் எஞ்சினைப் பயன்படுத்தவே செய்தார். இன்றைய உயர்நிலை செஸ்ஸில் அது இல்லாமல் முடியாது. ஆகவே கேள்வி எந்திரம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எப்போது, எதற்குப் பிறகு என்பதே. அந்தத் தீர்மானத்தை எந்தச் செயலியும் எடுக்கவில்லை. பையனை அருகிருந்து பார்த்த ஒரு மனிதர் எடுத்தார்.

எந்திரத் தயாரிப்பு எங்கே முடிகிறது என்பதைச் சென்னை தன் கண்ணாலேயே பார்த்தது. 2013 நவம்பரில் தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சியில் ஆனந்துக்கும் மாக்னஸ் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன் போட்டி நடந்தது. ஆழமான ஆரம்ப நகர்த்தல் தயாரிப்பில் ஆனந்த் பெயர் பெற்றவர். கார்ல்சனோ தயாரித்து வைத்த பாதைகளில் சிக்காமல் சாதாரண நிலைகளுக்கு ஆட்டத்தை இழுத்து, மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கும் பாணிக்காரர். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் ஆவேசமாகத் தாக்கினார். 28-ஆவது நகர்த்தலில் குதிரையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்த, அடுத்த நகர்த்தலிலேயே ஆட்டம் முடிந்தது. கார்ல்சன் 6.5–3.5 என்று பட்டம் வென்றார்.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், குகேஷும் சீனாவின் டிங் லிரனும் ஆடிய பதினான்காவது ஆட்டம் டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின்களின் கணக்கும் சமநிலை என்றுதான் காட்டியது. குகேஷ் விடவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை நகர்த்திய இடம் தவறு. 18 வயதில் உலக சாம்பியன். திரையில் "சமம்" என்று காட்டும் நிலையிலும் எதிரே இருப்பவர் களைத்த மனிதர் என்பதை உணர்ந்து தொடர்ந்து அழுத்துவதை குகேஷ் எஞ்சினிடமிருந்து கற்றிருக்க முடியாது. அந்தப் போட்டிக்கான தயாரிப்பில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர் பேடி அப்டன். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு மனவலிமைப் பயிற்சியாளராக இருந்தவர். போலந்தின் கிராண்ட்மாஸ்டர் கயேவ்ஸ்கியும் உடனிருந்தார்.

ஆக, எந்திரம் வந்தபின் மனிதப் பயிற்சியாளர்கள் குறைவார்கள் என்ற கணிப்புக்கு மாறாக, மேல்மட்டத்தில் அவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். 2020 டிசம்பரில் ஆனந்த் தொடங்கிவைத்த வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் அகாடமியில் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி உள்ளிட்டோருக்கு வழிகாட்ட கெல்ஃபாண்ட், யூசுபோவ் போன்ற மூத்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள். தகவல் தருவது அவர்கள் வேலையல்ல. எதை விட வேண்டும், எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று சொல்வதே அவர்கள் வேலை.

நமது வீடுகளில் இதற்கு இணையான ஒன்று ஏற்கெனவே நடக்கிறது. தர்தீல் போன்ற செயலிகள் பிள்ளை குர்ஆன் ஓதுவதைக் கேட்டு, விடுபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டுகின்றன. ஹிஃப்ழ் செய்யும் பிள்ளைக்கு வீட்டில் மனப்பாடத்தைச் சரிபார்க்க இது நல்ல துணை. ஆயினும் உஸ்தாத் முன் உட்கார்ந்து சபக் கொடுப்பது ஏன் என்று மத்ரஸாவில் படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. தடுமாறும் இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்காமல், "ம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் உஸ்தாதைக் கண்டவர்கள் நாம்.

உடல் விளையாட்டுகளுக்கு வருவோம். இன்று நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கியபோது பயிற்சியாளரின் கருவிகள் ஒரு விசிலும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும்தான். இன்று போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனை வளாகத்தில் உள்ள விளையாட்டு அறிவியல் ஆய்வகத்தில், பந்துவீச்சாளரின் உடலில் சிறு குறிகளை ஒட்டிப் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படமெடுக்கிறார்கள். பந்துவீசும்போது முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது என்று கணக்கிட முடிகிறது. விதிப்படி 15 டிகிரிக்கு மேல் போனால் அது எறிதல். வெறும் கண்ணால் இந்த வித்தியாசத்தைத் தீர்ப்பது முடியாத காரியம். இங்கே எந்திரம்தான் நியாயவான். அடையாறுக்குப் பக்கத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் குத்துச்சண்டை வீரர்களுக்காகக் கையுறையில் உணர்கருவி வைத்து, வீடியோவோடு சேர்த்துக் குத்தின் வேகத்தையும் கால் அழுத்தத்தையும் அலசும் முறையை உருவாக்கினார்கள்.

இவற்றின் எளிய வடிவம்தான் கைபேசிச் செயலிகள். கேமரா உங்கள் மூட்டுகளின் இடத்தை ஊகித்து, "முழங்கால் உள்ளே மடங்குகிறது" என்று சொல்லும். ஆய்வகத் துல்லியத்தை இதில் எதிர்பார்க்க முடியாது. ஒரே ஒரு கேமரா, ஒரே கோணம், தளர்வான உடை: ஊகம் பிசக இவை போதும். ஹிஜாபும் நீண்ட உடையும் அணிந்து ஓடும் நமது பெண்பிள்ளைகளின் அசைவை இவை எந்த அளவு சரியாகப் படிக்கும் என்று விற்பவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரம் கட்டி நடக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் பெசன்ட் நகர் கடற்கரையிலும் பலர் "பத்தாயிரம் ஆகல" என்று இன்னொரு சுற்று போவதைக் காணலாம். அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் சொன்ன கணக்கு அல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவுக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. வயதான பெண்களிடம் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்கு 4,400 காலடிகள் நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை ஓரளவு நம்பலாம். செலவான கலோரியை நம்பிக் கூடுதலாக ஒரு தட்டு பிரியாணி சாப்பிட வேண்டாம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் பிசகியது. மோசமானது 93 சதவீதம்.

எந்திர உதவியே இல்லாத பயிற்சியும் நம் கண் முன்னே இருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். ஆட்டோ ஓட்டுநரான அவர் தந்தை மெகபூப் பாஷாதான் அவருக்குக் கேரம் கற்றுக்கொடுத்தவர். சிறந்த அடி எது என்று கைபேசியில் தட்டிக் கேட்கும் நிலை செஸ்ஸைப் போலக் கேரமுக்கு வரவில்லை. விரல் நுனியின் அழுத்தத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தும் ஒருவர் அங்கே தேவைப்பட்டார். அவர் வீட்டிலேயே இருந்தார்.

இனி, கவலைக்குரிய பகுதி. உடல் அசைவைத் திருத்தும் செயலிக்கு உங்கள் பிள்ளையின் வீடியோ வேண்டும். பல செயலிகள் அதை வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பியே அலசுகின்றன. ஓடும் பாதையைப் பதியும் செயலிகளில் வீட்டு வாசலும் பதிவாகும். 2018-ல் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்திலிருந்து ராணுவ முகாம்களின் இருப்பிடமே வெளியே தெரிந்தது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் ஓடும் மகளின் விவரம் அதைவிடப் பத்திரமாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை. 2023-ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் சிறுவர் என்றே கருதுகிறது. அவர்கள் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது. நடைமுறையில் நாம் படிக்காமலே "சம்மதம்" என்று தட்டுகிறோம்.

இன்னொன்று: தமிழில் பேசி விளக்கும் உரையாடல் செயலிகளைச் செஸ் எஞ்சின் என்று எண்ணிவிடாதீர்கள். இவை சொற்களைக் கோப்பதில் வல்லவை. செஸ் ஆடச் சொன்னால் விதிக்கே புறம்பான நகர்த்தலைத் தயங்காமல் சொல்பவை. உடற்பயிற்சி அட்டவணை கேட்டாலும் அதே உறுதியான குரலில்தான் பதில் வரும். முழங்கால் வலிக்கும் தாயாருக்கு அதைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளையை எந்த வகுப்பில் சேர்த்தாலும் பயிற்சியாளரிடம் சிலவற்றைக் கேட்கலாம். பிள்ளை எஞ்சினை எப்போது திறப்பான், தானே யோசித்த பிறகா, முன்பா? தோற்ற ஆட்டத்தை யார் அவனோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்? வீடியோ எடுத்தால் எங்கே சேமிக்கிறீர்கள், வகுப்பை விட்டு நின்றால் அழிப்பீர்களா? கட்டணம் கட்ட இயலாமல் செயலியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மஹல்லாவில் வழி உண்டு. நன்றாக ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர், விடுமுறை நாளில் அஸ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், நான்கு பலகைகள். எஞ்சினை முதலில் அவர் கையில் மட்டும் கொடுத்து வையுங்கள்.