கடையில் சரக்கு இருக்கிறது

2023 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. ஒவ்வொன்றிலும் பேச முடியாத ஒரு பெண்ணின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, அவர் பேச முயலும்போது எழும் சமிக்ஞைகளைக் கணினி சொற்களாக மாற்றிக் காட்டியது. ஸ்டான்ஃபோர்டு குழுவின் கருவி நிமிடத்துக்கு 62 சொற்கள், சான்பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழுவினுடையது 78. அதன் பிறகு இந்த வகைச் செய்தி அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கெல்லாம் விடிவு வந்துவிட்டது போன்ற தொனியும் கூடவே வருகிறது. சாதனைதான், மறுப்பில்லை. ஆனால் அந்த இரு பெண்களில் ஒருவருக்கு இருந்தது ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய், மற்றவருக்கு மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதம். இருவருக்கும் மொழி முழுதாக இருந்தது. நாக்கும் உதடும்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வரும் அஃபேசியா வேறு சங்கதி. அங்கே சிக்கல் நாக்கு வரை போவதற்கு முன்பே, சொல்லைத் தேடி எடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. பேசுவது மட்டுமல்ல, எழுதுவது, படிப்பது, கேட்டுப் புரிந்துகொள்வது என எல்லாமே கூடவோ குறையவோ அடிபடும். இன்று உள்ள கருவியை அஃபேசியா உள்ளவருக்குப் பொருத்தினால், தவறாக வந்த சொல்லை அது வெகு வேகமாகத் திரையில் காட்டும், அவ்வளவுதான். இவருக்கு உதவக்கூடிய, சோதித்துப் பார்த்த ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. அதை நோயாளியின் மண்டைக்குள் பொருத்த வேண்டியதில்லை, எதிரே உட்கார்ந்து பேசுபவருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும்.

ஏன் என்று புரிய, ஒரு பெரிய மளிகைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கிடங்கு நிறையச் சரக்கு. எடுத்துவரும் பையன்தான் புதிது. சீரகம் கேட்டால் பக்கத்துத் தட்டிலிருந்து சோம்பை எடுத்து வருகிறான். அஃபேசியாவில் ‘அண்ணன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘தம்பி’ வருவது இப்படித்தான். பருப்பு கேட்டால், ஓசை ஒத்துப்போகிறதே என்று செருப்போடு வந்து நிற்கிறான், அதுவும் நடக்கும். சில நேரம் உள்ளே போனவன் திரும்பி வருவதே இல்லை. சில நேரம் எதைக் கேட்டாலும் முன்பு கொடுத்த சோம்பையே மறுபடி நீட்டுகிறான். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட் மட்டும் தடையின்றிக் கிடைக்கும், அதற்குக் கிடங்குக்குப் போக வேண்டாமே. ஒரு சொல்லுக்குத் திண்டாடும் மனிதர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மளமளவென எண்ணுவதும், பழைய பாட்டை வரி பிசகாமல் பாடுவதும், கோபத்தில் தெளிவாகத் திட்டுவதும் அந்தச் சரத்திலிருந்து வருபவை. திட்டத் தெரிகிறதே, தண்ணீர் கேட்கத் தெரியாதா என்று வீட்டார் சந்தேகப்படுவதற்கு இதுதான் பதில். பையன் காதிலேயே கேட்டது வேறாக விழும் கடைகளும் உண்டு. கேட்டுப் புரிதல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள். இன்னும் இழுத்தால் கடைக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டிவரும், நிறுத்திக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று: பையன் தடுமாறுகிறான் என்பதற்காகக் கடையில் சரக்கே இல்லை என்று முடிவுகட்டுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

வரலாற்றுக்கு ஒரு பத்தி கொடுத்தாக வேண்டும். 1861இல் பால் புரோக்கா பாரிஸ் அருகே ஒரு நோயாளியின் மூளையை அறுத்துப் பார்த்து, இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர அதிகம் பேச முடியாத மனிதர் அவர். 1874இல் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருளற்றுப் போகும் இன்னொரு வகையை விவரித்தார். பெரிய கண்டுபிடிப்புகள்தாம். ஆனால் அவை போட்ட தடத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலோர் மூளையில் ஓட்டை எங்கே என்று தேடினார்களே தவிர, அந்த மனிதரிடம் மற்றவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

அதைக் கவனித்த இடங்களில் ஒன்று டொரண்டோ. கணவருக்கு அஃபேசியா வந்த பாட் அராட்டோ என்ற பெண் 1979இல் அங்கே தொடங்கிய மையம், இன்று அஃபேசியா இன்ஸ்டிடியூட். அங்கே ஆரா கேகன் உருவாக்கிய முறை பார்வைக்கு அற்பமானது. ஒரு நேரத்தில் ஒரே விஷயம். சொல்லிக்கொண்டே முக்கியச் சொல்லைத் தடித்த பேனாவால் பெரிதாக எழுதுவது. காற்றில் போகும் சொல் மறைந்துவிடும், தாளில் உள்ளது காத்திருக்கும். என்ன வேண்டும் என்று திறந்த கேள்வி கேட்காமல், ‘வீட்டைப் பற்றியா? உடம்பைப் பற்றியா? வேறு ஏதாவதா?’ என்று தொட்டுக்காட்டும்படி எழுதிவைப்பது. கிடங்கில் தேடி எடுப்பதைவிட, கண்ணெதிரே வைத்ததை இதுதான் என்று சுட்டுவது பலருக்கு எளிது. பிறகு அவகாசம் கொடுப்பது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பதை வாய்விட்டுச் சொல்வது.

2001இல் வெளியான ஆய்வில் கேகன் குழு 40 தன்னார்வலர்களை எடுத்துக்கொண்டது. 20 பேருக்கு இந்தப் பயிற்சி. மற்ற 20 பேர் அஃபேசியா உள்ளவர்களோடு வெறுமனே பழகினார்கள். பயிற்சி பெற்றவர்கள் மேலாகச் செய்ததில் வியப்பில்லை. வியப்பு இது: எந்தப் பயிற்சியும் பெறாத, அஃபேசியா உள்ள எதிராளிகளின் பழகும் திறனுக்கும் செய்தியைத் தெரிவிக்கும் திறனுக்கும் கிடைத்த மதிப்பெண்களும் உயர்ந்தன. அவர்களுடைய மூளையை யாரும் தொடவில்லை. ‘திறன்’ என்று ஒருவர் தலைக்குள் தேடி அளந்த பொருளில் ஒரு பங்கு எதிர் நாற்காலியில் இருந்திருக்கிறது. பழகினால் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இதில் அடிபடுகிறது, ஏனெனில் வெறுமனே பழகிய குழுவுக்கு இந்தப் பலன் கிட்டவில்லை.

நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இது நம் வார்த்தையை அவர் வாயில் திணிப்பதாகாதா? ஆகலாம். அஃபேசியாவில் ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டும் இடம்மாறி வரலாம், தலையசைப்பும் எப்போதும் நம்பகமல்ல. நாம் நீட்டிய தெரிவுகளுக்கு வெளியே அவர் நினைப்பது இருக்கலாம். அதனால்தான் அந்த முறையில் சரிபார்த்தல் ஓர் உபசாரமல்ல, பாதி வேலையே அதுதான். கேள்வியைத் திருப்பிக் கேட்பது, ‘வேறு’ என்ற கட்டத்தை எப்போதும் வைப்பது, புரிந்ததைத் தொகுத்துச் சொல்லி அவர் முகத்தைப் பார்ப்பது. அடுத்த சொல்லை ஊகித்து நிரப்பும் செயலிகளை இன்று கூவி விற்கிறார்கள். அவை அழகான வாக்கியம் தரும். அது இவருடைய வாக்கியம்தானா என்று நின்று கேட்கும் பொறுமையை யாராவது அவற்றோடு சேர்த்து விற்றால் தேவலை.

நிறைய பேர் சூழ்ந்த வாழ்க்கையில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, மானுடவியலாளர் சார்லஸ் குட்வின் 1995இல் எழுதிய ஆய்வு சான்று. ஒரு நியூயார்க் வழக்கறிஞர், பக்கவாதத்துக்குப் பின் அவரிடம் மிஞ்சியவை ஆமாம், இல்லை, மற்றும் என்பதற்கு இணையான மூன்றே ஆங்கிலச் சொற்கள். குட்வின் காணொளிகளை நொடி நொடியாகப் பிரித்துப் பார்த்தார். யாராவது ஊகித்துச் சொன்னால், வழக்கறிஞர் தன் ‘இல்லை’யின் ஏற்ற இறக்கத்திலேயே, அறவே இல்லை என்பதையும் கிட்டத்தட்ட, ஆனால் அது இல்லை என்பதையும் பிரித்துக் காட்டினார். கை சுட்டியது, கண் திரும்பியது. தேவையான சொற்களை அவருக்காக மற்றவர்கள் சொன்னார்கள். எது சரி என்ற தீர்ப்பு மட்டும் அவருடையதாகவே இருந்தது. அதிகாரத்தோடு, சில நேரம் எரிச்சலோடு, அவர் வாதாடினார். குடும்பம் அவரிடம் காத்திருக்கப் பழகியிருந்தது. அது இல்லாத வீட்டில் அதே மூன்று சொற்கள் மூன்று சொற்களாகவே கிடந்திருக்கும்.

அப்படியானால் பேச்சுப் பயிற்சி வீணா? இல்லை. 57 சோதனைகளையும் 3,002 பேரையும் திரட்டிப் பார்த்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அது அன்றாடத் தொடர்பாடலுக்குப் பலன் தருகிறது என்றே சொல்கிறது. பையனைப் பழக்கத்தான் வேண்டும். அதுவரை வாடிக்கையாளர் வாசலில் கத்திக்கொண்டிருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. எதிரே உட்கார்ந்து பேசுபவருக்குப் பயிற்சி என்பதற்கும் எல்லை உண்டு. இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்த 2010, 2016 மதிப்பாய்வுகள், பக்கவாதம் வந்து நாளானவர்கள் விஷயத்தில் பலன் தெரிகிறது, முதல் வாரங்களுக்கு ஆதாரம் போதாது என்கின்றன. சங்கடம் என்னவென்றால், சிகிச்சைக்குச் சம்மதமா, வீட்டுக்குப் போகிறாரா பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறாரா, கையெழுத்து யார் போடுவது என்ற கேள்விகள் பலவும் அந்த முதல் வாரங்களில்தான் கேட்கப்படுகின்றன. கனடாவின் ஒண்டாரியோவில் இதற்கென்றே படங்களும் பெரிய எழுத்துச் சொற்களுமாக ஒரு மதிப்பீட்டுக் கருவியைப் பேச்சுச் சிகிச்சையாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று எழுதுவதற்கு முன், அவருக்குப் புரியும் வகையில் கேட்டோமா என்று பார்ப்பதற்காக.