குதிரை நின்ற இடத்தில் குடும்பம்

மனிதன் தனக்கென மாளிகை எழுப்பிய காலத்தில், தன்னைச் சுமந்து சென்ற குதிரைக்கும் ஒரு மனை எழுப்பினான். இலங்கையில் அதன் எச்சத்தைக் காண விரும்புவோர் நெடுந்தீவுக்குச் செல்லலாம். ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் அங்கே குதிரைகள் வளர்க்கப்பட்டன. அவற்றிற்கென முருகைக்கற்களால் அமைந்த லாயத்தின் தூண்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன, கூரை இல்லை. பயன் ஒழிந்த கட்டடங்களுக்குப் பெரும்பாலும் நேர்கின்ற கதி இதுவே. ஆயினும் வேறொரு வழியும் உண்டு என்பதை இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகள் சில காட்டுகின்றன. அங்கே குதிரை நின்ற லாயங்களில் இன்று குடும்பங்கள் வாழ்கின்றன.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபு ஒருவரின் லாயம் பெருங் கட்டடமாகவே விளங்கிற்று. நடுவே கல் பாவிய முற்றம். அதனைச் சூழ நாற்புறமும் கட்டடம். நுழைவாயிலில் ஒரு வளைவு. அதன்மேல் மணிக்கூட்டுக் கோபுரம். கீழ்த்தளத்தில் குதிரைகளுக்குத் தனித்தனித் தடுப்புகளும், வண்டிகள் நிறுத்துதற்கு அகன்ற கதவுகள் கொண்ட கொட்டகைகளும் இருந்தன. மேலே வைக்கோற் பரணும், குதிரைக்காரர் உறங்கும் சிற்றறைகளும் அமைந்தன. டெவன்ஷயர் கோமகனின் சட்ஸ்வேர்த் மாளிகையில், ஜேம்ஸ் பெயின் என்னும் கட்டடக் கலைஞர் 1760களில் அமைத்த லாயம் 80 குதிரைகளுக்கு இடமளித்தது.

மோட்டார் வண்டி வந்தது; லாயங்கள் வெறுமையாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வரிச்சுமையும் பணியாளர் பற்றாக்குறையும் பெருகவே, மாளிகைகளே நூற்றுக்கணக்கில் இடிக்கப்பட்டன. அந்த அழிவைக் காட்டும் கண்காட்சி ஒன்று 1974ஆம் ஆண்டில் இலண்டன் விக்டோரியா அல்பேட் அரும்பொருளகத்தில் நடைபெற்றது. அதன்பின் பொதுமக்களின் கருத்து மாறத் தொடங்கிற்று.

கட்டடக் கலைஞரான கிட் மார்ட்டின் கைவிடப்பட்ட மாளிகைகளை வாங்கி, அவற்றைப் பல இல்லங்களாகப் பிரித்துக் காப்பதையே தம் தொழிலாகக் கொண்டார். ரட்லண்ட் பகுதியில் குன்றொன்றின் மேல் நிற்கும் பேர்லி மாளிகை அவற்றுள் ஒன்று. நொட்டிங்ஹாம் பிரபுவான டானியல் பிஞ்ச், 1694ஆம் ஆண்டில் அந்நிலத்தை வாங்கி அதனைக் கட்டுவித்தார். மாளிகையின் முன்றிலை இருபுறமும் வளைந்து தழுவும் தூண்வரிசைகள் அதன் சிறப்பு. 1908இல் தீ அதன் ஒரு பகுதியை அழித்தது. 1990களில் அம்மாளிகை 6 இல்லங்களாகப் பிரிக்கப்பட்டது. லாயமும் ஏனைய கட்டடங்களும் சேர, மொத்தம் 22 இல்லங்கள் உருவாயின. எனினும் தொலைவிலிருந்து காண்போருக்கு அது இன்றும் ஒரே மாளிகையாகவே தோன்றும்.

இவ்வாறு பிரிப்பதற்குச் சில நெறிகள் உண்டு. முதலாவது, கட்டடத்தை மாடி மாடியாக வெட்டாது, மேலிருந்து கீழாகப் பிரித்தல். அப்போது ஒவ்வொரு குடும்பத்திற்கும் தரையும், மாடியும், தனிவாயிலும் கிடைக்கும்; ஒருவர் தலைக்குமேல் மற்றொருவர் நடக்கும் தொல்லை இராது. இரண்டாவது, பழைய கனத்த சுவர்களையே எல்லையாகக் கொள்ளுதல். லாயத்திற்கு இது எளிது; அது தொடக்கத்திலேயே வரிசை வரிசையாகப் பகுக்கப்பட்ட கட்டடம். வண்டிக் கொட்டகையின் அகன்ற வாயில் கண்ணாடியிட்ட பெருஞ்சாளரமாகும். வைக்கோற் பரண் படுக்கையறையாகும். மூன்றாவது, முற்றத்தைத் துண்டாடாது பொதுவில் விடுதல். அதன் பராமரிப்புச் செலவை இல்லத்தார் பகிர்ந்துகொள்வர்.

இடர்களும் இல்லாமலில்லை. பல தலைமுறைக் குதிரைகளின் சிறுநீர் ஊறிய சுவரில் உப்புக்கள் தங்கிவிடுகின்றன. அவை காற்றின் ஈரத்தை ஈர்த்துச் சாந்தை உதிர்க்கும். சீமெந்து பூசி மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். சுண்ணாம்புச் சாந்து பூசினால் சுவர் ஈரத்தை வெளியே விடும். கடற்கரையில் வாழ்வோருக்கு இச்செய்தி புதிதன்று. உப்புப் பூத்துச் சாந்து உதிரும் சுவரை அவர்கள் நன்கறிவர்.

கல்முனைக் கரையோரத்தில் பிரபுக்களின் லாயங்கள் இல்லை. ஆனால் பிரிக்க வேண்டிய வீடுகள் உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வது நெடுங்கால வழக்கம். மூன்று பெண்மக்கள் இருப்பின் ஒரு வளவு மூன்றாகின்றது. அடுத்த தலைமுறையில் அதுவும் பிரிகின்றது. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை வீட்டோடு வீடு நெருங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தைச் சிதைத்த பின்னர், காணியின் அருமை இன்னும் கூடிற்று. இந்நெருக்கடியில் பழைய வீட்டை இடிப்பதும், முற்றத்தின் நடுவே மதில் எழுப்புவதும் எளிய வழியாகத் தோன்றுகின்றன. மதில் எழுந்தபின் காற்று வரும் வழி அடைபடுகின்றது. கிணறு ஒருவர் பக்கமாகின்றது. உடன்பிறந்தாரிடையே வழக்கும் தொடங்குகின்றது.

பேர்லி லாயத்தின் நெறி இவ்விடத்தில் உதவும். உறுதியான பழைய வீடு ஒன்று இருப்பின், முதலில் அதன் சுவர்கள் எங்கே செல்கின்றன என்று பார்த்தல் வேண்டும். அச்சுவர்வழியே பிரித்து, ஒவ்வொரு மகளுக்கும் தனிவாயில் அமைத்து, முற்றத்தையும் கிணற்றையும் பொதுவில் வைக்கலாம். பொதுவில் இருப்பதை உறுதிப்பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைத்தல் நன்று. வாய்ச்சொல் ஒரு தலைமுறைக்குமேல் நிலைப்பது அரிது. இடிக்கும் செலவு மிஞ்சும். நல்ல மரமும் கல்லும் தப்பும். எல்லா வீட்டிற்கும் இது பொருந்தாது. பொருந்தும் வீட்டிலோ, பெண்மக்கள் மூவரும் தத்தம் வாயிலைத் திறந்து ஒரே முற்றத்தில் இறங்குவர்.